தானியங் காக்கும் தாவரங்கள்

(சங்கத்தின் ஆண்டு விழாவையொட்டி நடைபெற்ற கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



சமயமும் இலக்கியமும் பேசப்படுகின்ற இம்மேடையிலே, நெல்லையும் பயற்றையும் அரிக்கின்ற பூச்சிகளைப் பற்றி ஒருவன் பேச வந்திருப்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால் அன்னதானத்தைத் தானங்களுள் தலையாயதாகக் கொண்ட சமூகம் நம்முடையது. அன்னத்தைக் கொடுப்பது அறம் என்றால், கொடுக்க வேண்டிய அன்னத்தைக் கெடாமற் காப்பதும் அறத்தின்பாற் பட்டதே. மழையை நம்பி, மாட்டையும் மனிதனையும் வருத்தி, நான்கு மாதம் பாடுபட்டு விளைவித்த நெல், வீட்டுக்கு வந்த பின்பு கண்ணுக்குத் தெரியாமலே உமியும் தூளும் ஆகிப் போகுமானால், அந்த நட்டத்துக்கு மழையையும் விதியையும் குறை கூற இயலாது. அது நம் கையிலே இருந்த பொருள். நாம் காக்கத் தவறிய பொருள்.

அதைக் காப்பதற்கு நம் முன்னோர் செடி கொடிகளைத் துணைக்கொண்டனர். நெல்லை அடைத்த கொம்பறையிலே வேப்பிலையும் நொச்சியிலையும் பரப்பினார்கள். விதைப் பயற்றுக்குச் சாம்பல் பிரட்டினார்கள், எண்ணெய் தடவினார்கள். வசம்பை இடித்துப் போட்டார்கள். அரிசிப் பானைக்குள் செத்தல் மிளகாயை இட்டார்கள். இவற்றில் எவை மெய்யாகவே பயன் தருவன, எப்படிப் பயன் தருகின்றன, எவற்றிலே ஆபத்து மறைந்திருக்கிறது என்பவற்றை விஞ்ஞானத்தின் துணைகொண்டு ஆராய்வதே இன்றைய உரையின் நோக்கமாகும். பழையது என்பதற்காக எதனையும் புகழவும் நான் வரவில்லை; பழையது என்பதற்காக எதனையும் தள்ளவும் வரவில்லை.

பகைவனை அறிதல்

பகைவன் இன்னான் என்று அறியாமல் ஆயுதம் எடுப்பவன் தோற்றுப் போவான். ஆகவே பூச்சிகளை முதலில் அறிவோம்.

நம் வீடுகளில் தானியத்தைக் கெடுப்பவை முக்கியமாக நான்கு வகை. முதலாவது அரிசியைத் துளைக்கும் கூன்வண்டு. நீண்ட மூக்கு உடையது. பெண் வண்டு தன் மூக்காலே தானியத்திற் சிறு குழி தோண்டி, அதில் ஒரு முட்டையை இட்டு, பசை போன்ற ஒரு பொருளால் அக்குழியை மூடிவிடும். தன் ஆயுளில் ஏறத்தாழ முந்நூறு முட்டைகள் வரை இடவல்லது. முட்டையிலிருந்து வெளிவரும் புழு தானியத்தின் உள்ளேயே இருந்து உண்டு, உள்ளேயே கூட்டுப்புழுவாகி, வண்டாகிய பின்புதான் வெளியே வரும். நம் நாட்டு வெப்பத்தில் இதற்கு ஐந்து வாரமளவு போதும். ஆகவே அரிசியின் மேலே ஒரு வண்டு ஊர்ந்து திரிவதைக் காணும்போது, உள்ளே எத்தனை இருக்கின்றன என்பது எவருக்கும் தெரியாது.

இரண்டாவது பயற்று வண்டு. பயறு, கௌப்பி, உழுந்து, கடலை முதலியவற்றின் தோலின்மேல் வெள்ளைப் புள்ளிகள் ஒட்டியிருப்பதைத் தாய்மார் கண்டிருப்பீர்கள். அவை இதன் முட்டைகள். வளர்ந்த வண்டு பயற்றை உண்பதே இல்லை. பத்துப் பன்னிரண்டு நாள் உயிர்வாழ்ந்து, நூறு முட்டை வரை இட்டு, மடிந்துவிடும். கேடு முழுவதையும் செய்வது அதன் புழுவே. இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். இந்த வண்டு பெரும்பாலும் தோட்டத்திலேயே, காய் முற்றும் பருவத்திலேயே, முட்டையிட்டுவிடுகிறது. நாம் அறுவடை செய்து வீட்டுக்குக் கொண்டு வரும்போது பகைவனையும் கூடவே அழைத்து வருகிறோம்.

மூன்றாவது நெல்லந்துப் பூச்சி. இதுவும் வயலிலேயே தொற்றிக்கொள்ளும். நெல்லின் உமியிலே சிறு வட்டமான துளை காணப்பட்டால் அது இதன் வேலை. நான்காவது மாவண்டு. செந்நிறமுடைய இச்சிறு வண்டு முழுத் தானியத்தை அதிகம் தாக்கமாட்டாது; நொறுங்கிய அரிசி, மா, தவிடு ஆகியவற்றிலேயே பெருகும். வாயில் வைத்தால் மாவிலே ஒரு கெட்ட வாடை வீசுவது இவ்வண்டு சுரக்கும் பொருளினால்தான்.

பெருக்கத்தின் வேகத்தை ஒரு சிறு கணக்கினால் விளங்கிக்கொள்ளலாம். ஒரு பெண் பயற்று வண்டு நூறு முட்டை இட, அதிற் பாதி பெண்ணாகுமானால், அடுத்த தலைமுறையில் 50 பெண் வண்டுகள், அதற்கடுத்த தலைமுறையில் 2,500, மூன்றாவதில் 125,000. ஒரு தலைமுறைக்கு ஒரு மாதம் என்று வைத்தால், மூன்று மாதத்தில் இவ்வளவு. எல்லா முட்டைகளும் பிழைப்பதில்லை என்பது உண்மையே. ஆயினும் மாசியில் அறுத்து அடைத்த பயற்றை ஆவணியில் திறந்து பார்ப்பவர் ஏன் வெறும் கோதையும் பொடியையும் காண்கிறார் என்பதற்கு இக்கணக்கே விடை. இதிலிருந்து நாம் பெறும் பாடம் ஒன்று: தொடக்கத்திலே பத்து வண்டைத் தடுப்பது, முடிவிலே பதினாயிரம் வண்டைக் கொல்வதிலும் மேலானது.

வேம்பின் வரலாறு

தானியங் காக்கும் தாவரங்களுள் முதன்மையானது வேம்பு. அம்மன் கோயில் முற்றத்திலே நிற்கும் அந்த மரத்தை நாம் வணங்குகிறோம். அதன் உள்ளே இருக்கும் இரசாயனத்தை உலகம் அறிந்துகொண்ட வரலாறு சுவையானது.

வேப்பெண்ணெயின் கசப்புப் பொருள்களை முதன்முதலிற் பிரித்தெடுத்தவர் சலீமுசமான் சித்திக்கி என்னும் இரசாயன அறிஞர். 1942ஆம் ஆண்டிலே நிம்பின் முதலிய பொருள்களை அவர் வெளிப்படுத்தினார். பின்னர் 1959ஆம் ஆண்டு சூடான் நாட்டிலே வெட்டுக்கிளிக் கூட்டம் ஒன்று இறங்கி, கண்ட பச்சையையெல்லாம் தின்று தீர்த்தது. வேப்ப மரங்கள் மாத்திரம் இலையோடு நின்றன. அதனைக் கண்ட சிமுத்தரர் என்ற ஜேர்மன் பூச்சியியல் அறிஞர் வியந்து, தம் வாழ்நாளின் பெரும்பகுதியை வேம்பின் ஆராய்ச்சிக்கே செலவிட்டார். 1962ஆம் ஆண்டு புதுடில்லி விவசாய ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த பிரதான் என்பவரும் அவர் துணைவரும், வேப்பம் விதைப் பருப்பை நீரிற் கரைத்துப் பயிரின்மேல் தெளித்து, வெட்டுக்கிளி அப்பயிரை உண்ணாமல் விடுவதைக் காட்டினர். 1968ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகத்திலே பட்டவேத், மோகன் என்னும் இருவர் அதற்குக் காரணமான பொருளைப் பிரித்தெடுத்தனர். அதற்கு அசாடிரக்ரின் என்று பெயர்.

இப்பொருளின் மூலக்கூற்றில் 35 காபன், 44 ஐதரசன், 16 ஒட்சிசன் அணுக்கள் உள. அவை எவ்வாறு பின்னப்பட்டுள்ளன என்பதை அறியவே ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சென்றன. கேம்பிரிட்சிலே பேராசிரியர் லேயும் அவர் மாணவரும் 22 ஆண்டுகள் உழைத்து, 2007ஆம் ஆண்டிலேதான் ஆய்வுகூடத்தில் அதனைச் செயற்கையாக ஆக்கி முடித்தனர். நம் முற்றத்து மரமோ ஆண்டுதோறும் ஆரவாரமின்றி அதனை ஆக்கிக் கீழே உதிர்த்துவிடுகிறது; நாம் அதனைக் கூட்டிப் பெருக்கி எறிந்துவிடுகிறோம்.

அசாடிரக்ரின் பூச்சியை உடனே கொல்லும் நஞ்சன்று. அது மூன்று வகையில் வேலை செய்கின்றது. முதலாவது, அதன் சுவையை உணர்ந்த பூச்சி உண்ண மறுக்கிறது. இரண்டாவது, உண்டுவிட்ட புழு தோல் உரிக்க முடியாமற் போகின்றது. தோலுரித்தலை நடத்தும் உட்சுரப்பை இப்பொருள் குழப்பிவிடுகிறது. மூன்றாவது, தப்பி வளர்ந்த பூச்சியின் முட்டையிடும் ஆற்றல் குறைகின்றது. ஆகவே வேம்பிட்ட மறுநாளே செத்த வண்டுகளைத் தேடுபவர் ஏமாற்றம் அடைவார். வேம்பின் பயன் அடுத்த தலைமுறையிலேயே தெரியவரும்.

இங்கே ஒரு முக்கியமான குறிப்பு. அசாடிரக்ரின் மிகுதியாக இருப்பது விதைப் பருப்பிலே; இலையில் அது மிகக் குறைவு. நாமோ பெரும்பாலும் இலையையே இடுகிறோம். காய்ந்த வேப்பிலையினாற் சிறிது பயன் உண்டு. ஆனால் அதனை மட்டும் நம்பி ஆறு மாதம் தானியத்தை விட்டுவைத்தல் கூடாது. விதைப் பருப்பை நிழலில் உலர்த்தி இடித்த தூள், ஒரு கிலோ தானியத்துக்கு 10 முதல் 20 கிராம் வரை கலக்கப்படுவது வழக்கம். இதனால் தானியத்துக்குக் கசப்பு ஏறும். ஆகவே விதைக்கென வைக்கும் தானியத்துக்கே இது மிகப் பொருத்தமானது. கடும் வெயில் இப்பொருளைச் சிதைக்கும். எனவே பருப்பையும் தூளையும் வெயிலிற் காயவிடுதல் தவறு. பூஞ்சணம் பிடித்த வேப்பங்கொட்டையைத் தொடவும் வேண்டாம்; அப்பூஞ்சணமே கொடிய நஞ்சுகளை உண்டாக்கும்.

எண்ணெய், சாம்பல், மண்

பயற்றுக்கு எண்ணெய் பூசும் வழக்கத்தைச் சிலர் அற்பமாக எண்ணுவர். ஆனால் எல்லாவற்றிலும் உறுதியாக நிரூபிக்கப்பட்ட முறை அதுவே. 1978ஆம் ஆண்டிலே நைஜீரியாவிலுள்ள சருவதேச வெப்பவலய விவசாய நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர், ஒரு கிலோ கௌப்பிக்கு 5 மில்லிலீற்றர் நிலக்கடலை எண்ணெய் பூசினாலே பயற்று வண்டின் பெருக்கம் தடைப்படுகின்றது என்று காட்டினர். ஐந்து மில்லிலீற்றர் என்பது ஒரு தேக்கரண்டி அளவு. பயற்றின்மேல் ஒட்டிய முட்டையை எண்ணெய்ப் படலம் மூடிவிட, உள்ளிருக்கும் கரு மூச்சின்றி அழிகின்றது. இதற்கு வேப்பெண்ணெய்தான் வேண்டும் என்பதில்லை. நல்லெண்ணெயும் தேங்காயெண்ணெயும் இவ்வேலையைச் செய்யும். வேப்பெண்ணெயானால் மூச்சடைப்பதோடு கசப்பும் சேர்ந்துகொள்ளும். ஆனால் எண்ணெய் ஒவ்வொரு மணியிலும் படும்படி நன்றாகப் பிரட்டுதல் வேண்டும். பாதி மணிகள் உலர்ந்து கிடந்தால் பாதிப் பலன்கூடக் கிடையாது.

சாம்பலும் நுண்மணலும் வேறு வகையில் வேலை செய்கின்றன. பூச்சியின் உடலை ஒரு மெல்லிய மெழுகுப் படலம் மூடியிருக்கிறது. உடலின் ஈரம் ஆவியாகிப் போகாமற் காப்பது அதுவே. சாம்பலின் நுண்துகள் அதனை உராய்ந்து கெடுக்க, பூச்சி உலர்ந்து மடிகின்றது. அன்றியும் மணிகளுக்கு இடையேயுள்ள வெளியைச் சாம்பல் அடைத்துவிடுவதால் வண்டு ஊர்ந்து சென்று முட்டையிட முடிவதில்லை. பருப்பாக உடைத்து வைப்பதும் இத்தகைய நுட்பமே. முழுப் பயற்றை நாடும் வண்டு, உடைத்த பருப்பை அவ்வளவாக நாடுவதில்லை. இவற்றையெல்லாம் எழுதப் படிக்கத் தெரியாத நம் பாட்டிமார் கண்டறிந்தனர். அவர்கள் காரணத்தைச் சொல்லவில்லை, காரியத்தைச் செய்தார்கள்.

வாசனைத் தாவரங்கள்

நொச்சி, துளசி, கறுவா, கராம்பு, மிளகு, சேரை என்னும் புல் ஆகியவற்றின் வாசனைக்குக் காரணம், அவற்றிலுள்ள ஆவியாகும் எண்ணெய்கள். நம் நாட்டுக் கறுவாவின் இலை எண்ணெயில் யூஜினோல் என்ற பொருள் மிகுதி. பட்டை எண்ணெயிற் சின்னமல்டிகைட்டு மிகுதி. கராம்பிலும் யூஜினோலே முதன்மையானது. இவற்றின் ஆவி பூச்சியின் நரம்பைத் தாக்கி அதனை விலகி ஓடச் செய்கின்றது; செறிவு மிகுந்தால் கொல்லவும் செய்கின்றது. மிளகின் உறைப்புக்குக் காரணமான பைப்பரினும் அதன் இனப் பொருள்களும் பயற்று வண்டுக்குப் பகையானவை.

இவற்றின் குறை என்ன? ஆவியாகும் பொருள் ஆவியாகியே போய்விடும். திறந்த சாக்கிலே இட்ட நொச்சியிலை சில வாரங்களில் வெறும் சருகு. மூடிய தகரத்திலோ இறுக அடைத்த போத்தலிலோ இட்டால்தான் பயன் நீடிக்கும். அத்துடன், மணியின் உள்ளே இருக்கும் புழுவை இலையின் வாசனை சென்று சேர்வது அரிது. ஆகவே பூச்சி இல்லாத தானியத்துக்கு இவை காவலாளிகள். பூச்சி விழுந்துவிட்ட தானியத்துக்கு வைத்தியர்கள் அல்ல.

இயற்கை என்றால் தீங்கில்லையா?

இளைஞர்களே, இந்த இடத்தில் உங்கள் முழுக் கவனத்தையும் வேண்டுகிறேன். இரசாயன மருந்து என்றால் நஞ்சு, மூலிகை என்றால் அமுதம் என்று ஓர் எண்ணம் நம்மிடையே பரவி வருகின்றது. அது தவறு.

வசம்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள பீற்றா-அசரோன் என்ற பொருளின் ஆவி பூச்சிகளை மலடாக்குகின்றது என்று இந்திய ஆராய்ச்சியாளர் 1977ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அருமையான செய்திதான். ஆனால் அதே பீற்றா-அசரோனை எலிகளுக்கு உணவிற் கொடுத்தபோது அவற்றுக்குப் புற்றுநோய்க் கட்டிகள் உண்டாயின. அமெரிக்காவில் வசம்பை உணவிற் சேர்ப்பது 1968ஆம் ஆண்டு முதலே தடைசெய்யப்பட்டுள்ளது. ஆகவே விதைத் தானியத்துக்கு வசம்பு இடலாம். நாளை உலையில் இடப்போகும் அரிசியோடு அதனைக் கலத்தல் வேண்டாம்.

புகையிலையின் நிக்கொற்றின் பூச்சியைக் கொல்லும். தோலின் வழியே புகுந்து மனிதனையும் வருத்தும். அன்னமுன்னா விதைத் தூள் கண்ணிற் பட்டால் கருவிழி புண்ணாகும். தெரிசு வேரின் உரோற்றினோன் மீன்களைக் கூட்டங் கூட்டமாகக் கொல்லவல்லது. வேப்பெண்ணெயை மருந்தென்று குழந்தைகளுக்குப் பருக்கியதால் மூளை பாதிக்கப்பட்ட செய்திகள் மலேசியாவிலிருந்து 1981ஆம் ஆண்டு வைத்திய ஏட்டில் வெளிவந்தன. தாவரம் இப்பொருள்களை ஆக்குவது நமக்காக அன்று. தன்னை உண்ண வருபவரைத் தடுப்பதற்காக. அவ்வாறு உண்ண வருவோரில் நாமும் ஒருவர் என்பதை மறத்தல் கூடாது.

அப்படியானால் கடை மருந்தையே நாடுவோமா என்று கேட்பீர்கள். அதன் கதையையும் கேளுங்கள். பெரிய களஞ்சியங்களுக்குப் புகையூட்ட ஒரு காலத்தில் மெதயில் புரோமைட்டு பயன்பட்டது. அது வானத்து ஓசோன் படையை அழிப்பது தெரியவந்தமையால், மொன்றியல் உடன்படிக்கையின்படி வளர்ந்த நாடுகள் 2005ஆம் ஆண்டிலும் ஏனைய நாடுகள் 2015ஆம் ஆண்டிலும், ஏற்றுமதித் தொற்றுத்தடை போன்ற சில தேவைகள் ஒழிய, அதனைக் கைவிட வேண்டியதாயிற்று. எஞ்சியது பொசுபீன் வாயு. அலுமினியம் பொசுபைட்டு மாத்திரைகள் காற்றின் ஈரத்தோடு சேரும்போது இவ்வாயு வெளிவரும். முறையாக மூடிய களஞ்சியத்தில் பயிற்சி பெற்றவர் கையாளும்போது இது நல்ல கருவி. மனிதர் படுத்துறங்கும் வீட்டிலே, அரிசிச் சாக்குக்குள்ளே இம்மாத்திரையை வைப்பது கொலைக்கு ஒப்பானது. பல நாடுகளிற் குடும்பம் குடும்பமாக உயிர்கள் மாண்டிருக்கின்றன. அத்தோடு, 1972-73 ஆண்டுகளில் உலக உணவு விவசாய நிறுவனம் நடத்திய ஆய்விலேயே இவ்வாயுவை எதிர்த்து நிற்கும் பூச்சிகள் காணப்பட்டன. அரைகுறையாகப் புகையூட்டும் ஒவ்வொரு முறையும் நாம் வலிமை மிகுந்த பூச்சிகளைத் தெரிந்தெடுத்து வளர்க்கிறோம்.

நம் நாட்டின் அனுபவமும் ஒன்று உண்டு. 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயன உரங்களினதும் விவசாய மருந்துகளினதும் இறக்குமதி திடீரெனத் தடுக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் அத்தடை தளர்த்தப்பட்டது. இடையிற் கமக்காரர் பட்ட பாட்டை இங்குள்ள பெரியோர் நன்கு அறிவர். இயற்கை முறை நல்லது. ஆனால் இன்னது இவ்வளவு, இன்ன காலம், இன்ன பயிருக்கு என்ற அறிவு முன்னே செல்லவேண்டும், கட்டளை பின்னே வரவேண்டும். அறிவின்றி வரும் நல்லெண்ணம் வயிற்றை நிரப்பாது.

மூலிகைக்கு முன் செய்ய வேண்டியவை

எந்த மூலிகையும் தனியே நின்று காக்கமாட்டாது. முதலில் உலர்த்தல். நெல்லின் ஈரம் நூற்றுக்கு 14 பங்குக்கு மேற்படாமலும், விதை நெல்லாயின் அதனிலும் சிறிது குறைவாகவும் இருத்தல் வேண்டும். பல்லாற் கடித்தால் நறுக்கென்று உடையும் பதம் என்று நம் பெரியவர் சொல்வதும் இதையே. அடுத்தது துப்புரவு. பழைய சாக்கின் மூலையிலே ஒளிந்திருக்கும் பத்து வண்டுகள் புதிய விளைச்சல் முழுவதற்கும் போதும். சாக்கைக் கொதிநீரில் அமிழ்த்தி வெயிலிற் காயவையுங்கள். பழைய தானியத்தோடு புதியதைக் கலவாதீர்கள்.

சமையலுக்கு வைக்கும் பயற்றுக்கு வெயிலே போதிய மருந்து. கறுப்புத் தாளின்மேற் பயற்றை மெல்லிதாகப் பரப்பி, மேலே நிறமற்ற பொலித்தீன் தாளால் மூடி, ஓரங்களில் கல் வைத்து நண்பகல் வெயிலில் விட்டால் உள்ளே வெப்பம் மிகும். அது 57 பாகை செல்சியசு அளவில் ஒரு மணி நேரம் நிலைத்தால், பயற்று வண்டின் முட்டை, புழு, வண்டு அனைத்தும் அழிவதாக ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர்.

மூன்றாவது, காற்றை அடைத்தல். அமெரிக்காவின் பேடியூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேடொக் என்பவரும் துணைவரும் 1980களின் பிற்பகுதியிலிருந்து ஆபிரிக்காவின் கமெரூன் நாட்டிலே உழைத்து, மூன்றடுக்குப் பை ஒன்றை உருவாக்கினர். உள்ளே இரண்டு பொலித்தீன் பைகள், வெளியே ஒரு சாக்கு. இறுகக் கட்டியதும் உள்ளேயுள்ள பூச்சிகள் இருக்கும் ஒட்சிசனைத் தாமே பயன்படுத்தித் தீர்த்து, பெருக முடியாமல் ஒடுங்குகின்றன. மருந்து ஒன்றும் இல்லை. நம் வீடுகளில் மூடி இறுகிய கான்களையும் போத்தல்களையும் கழுத்துவரை நிரப்பி அடைத்தால் இதே பயனைப் பெறலாம். ஆனால் தானியம் நன்கு உலர்ந்திருக்க வேண்டும். இல்லையேல் பூச்சிக்குப் பதிலாகப் பூஞ்சணம் வந்து சேரும்.

பூச்சியும் ஓர் உயிரல்லவா என்று பெரியோர் சிலர் கேட்கக்கூடும். கொல்லாமையைப் போற்றும் சமயத்தவர் கேட்கவேண்டிய கேள்விதான் அது. நான் கூறக்கூடிய விடை இதுவே. முன்கூட்டியே உலர்த்தித் துப்புரவாக்கி, பூச்சி அணுகாதபடி மூலிகையிட்டு மூடிவைப்பவன் கொல்வது மிகச் சில உயிர்களையே. கவனக்குறைவால் இலட்சக்கணக்கிற் பெருகவிட்டுப் பின்பு நஞ்சு தூவுபவனே பெருங் கொலைக்கு ஆளாகிறான். வருமுன் காத்தல் சிக்கனமும் ஆகும். அகிம்சைக்கு அணித்தானதும் ஆகும்.

அறிவை இழவாதிருத்தல்

வேம்பின் கதையில் இன்னோர் அத்தியாயம் உண்டு. வேப்பெண்ணெயைக் கொண்டு பயிரின் பூஞ்சண நோயைத் தடுக்கும் முறை ஒன்றுக்கு அமெரிக்க விவசாயத் திணைக்களமும் கிறேஸ் என்ற கம்பனியும் ஐரோப்பாவில் விண்ணப்பிக்க, 1994ஆம் ஆண்டு அவற்றுக்குத் தனியுரிமை வழங்கப்பட்டது. இந்தியக் கமக்காரருக்கு இது முன்னமே தெரிந்த முறை என்று வந்தனா சிவா முதலியோர் எதிர்த்து வழக்காடினர். 2000ஆம் ஆண்டு அவ்வுரிமை நீக்கப்பட்டது. மேன்முறையீடும் 2005ஆம் ஆண்டு மார்ச்சில் தள்ளப்பட்டது. வென்றது நியாயம்தான். ஆனால் முன்னமே அறிந்திருந்தோம் என்று கூறினால் மட்டும் போதவில்லை. சான்று காட்ட வேண்டியிருந்தது. எழுதி வைக்கப்படாத அறிவு வழக்குமன்றத்தில் ஊமை. அதனினும் பெரிய இழப்பு வேறொன்று. அறிந்தவர் மறைய, அறிவும் அவரோடு மறைந்துவிடுகிறது. நம் ஊர்களிலே போரும் இடப்பெயர்வும் எத்தனையோ வீட்டுக் கொம்பறைகளை அழித்தன. அவற்றோடு எத்தனை வழக்கங்கள் அழிந்தன என்று எண்ணிப் பார்த்தவர் எவர்?

ஆகவே இச்சங்கத்து இளைஞர் முன்னே இரண்டு பணிகளை வைக்கிறேன்.

முதலாவது, நம் ஊரிலுள்ள முதியோர் ஒவ்வொருவரிடமும் சென்று கேட்டு எழுதுங்கள். எந்தத் தானியத்துக்கு எந்தச் செடி? இலையா, விதையா, வேரா? எப்போது பறித்தது? எவ்வளவு இட்டது? எத்தனை மாதம் காத்தது? எப்போது பலிக்காமற் போனது? இந்தக் கடைசிக் கேள்வியை மறவாதீர்கள். பலித்த கதையை எல்லோரும் சொல்வார்கள், பலிக்காத கதையிலேதான் பாடம் இருக்கும்.

இரண்டாவது, கேட்டதைச் சோதித்துப் பாருங்கள். அதற்குப் பெரிய ஆய்வுகூடம் வேண்டியதில்லை. ஒரேயளவான பதினைந்து போத்தல்கள் போதும். ஒவ்வொன்றிலும் அரைக்கிலோ பூச்சியற்ற பயறு இடுங்கள். மூன்று போத்தலில் ஒன்றும் கலவாதீர்கள். மூன்றில் உலர்ந்த வேப்பிலை. மூன்றில் உலர்ந்த நொச்சியிலை. மூன்றில் இரண்டரை மில்லிலீற்றர் வேப்பெண்ணெய். மூன்றில் அதே அளவு தேங்காயெண்ணெய். ஒவ்வொரு போத்தலிலும் இருபது பயற்று வண்டுகளை விட்டு, வாயைத் துணியாற் கட்டி, நிழலில் வையுங்கள். இரண்டு மாதம் கழித்து, ஒவ்வொன்றிலும் நூறு மணி எடுத்து, துளையுள்ளவற்றை எண்ணுங்கள். இன்னும் நூறு மணியை ஈரத்துணியில் இட்டு, எத்தனை முளைக்கின்றன என்று பாருங்கள்.

ஒன்றும் கலவாத போத்தல் ஏன் என்று கேட்கலாம். அது இல்லையேல் மற்றவை எதனாற் பிழைத்தன என்று கூற இயலாது. தேங்காயெண்ணெய் ஏன்? வேப்பெண்ணெய் காத்தால், காத்தது வேம்பா, வெறும் எண்ணெயா என்று அறிவதற்காக. மூன்று மூன்றாக ஏன்? ஒரு போத்தலிற் கண்டது தற்செயலாகவும் இருக்கலாம் என்பதற்காக. இந்த மூன்று கேள்விகளையும் கேட்கப் பழகிய இளைஞனைப் போலி விளம்பரமும் ஏமாற்றாது, குருட்டு நம்பிக்கையும் ஏமாற்றாது. முடிவுகளைப் பிரதேச விவசாயப் போதனாசிரியரிடம் காட்டி ஆலோசனை பெறுங்கள். இலை காக்கவில்லை என்று கண்டால் அதனையும் அப்படியே எழுதுங்கள். நம் முன்னோருக்கு அதனால் இழுக்கு ஒன்றுமில்லை. அவர்களும் இவ்வாறு பார்த்துப் பார்த்துத்தான் கற்றார்கள்.

தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். வரும் ஆடி ஆவணியில் முற்றத்து வேம்பு பழம் உதிர்க்கும்போது, அதனைக் குப்பையோடு கூட்டி எரித்துவிடாதீர்கள். பழத்தின் சதையைக் கழுவி நீக்கி, கொட்டையை நிழலில் உலர்த்தி, காற்றோட்டமுள்ள சாக்கிலே கட்டித் தொங்கவிடுங்கள். அடுத்த போகத்து விதைப் பயற்றுக்கு வேண்டிய காவல் அதிலே இருக்கின்றது.

பெரியோர்களே, இளைஞர்களே, விதை நெல்லை உண்ண நேர்ந்த குடும்பத்துக்கு அடுத்த போகம் இல்லை என்பர். பூச்சிக்கு விதை நெல்லைக் கொடுத்த குடும்பத்தின் நிலையும் அதுவே. அதைக் காக்கும் வழிகளுட் பல நம் வேலியிலும் முற்றத்திலும் நிற்கின்றன. அவற்றை வணங்குவதோடு நில்லாமல், அறிந்து, அளந்து, சோதித்துப் பயன்படுத்துவோமாக. நம் களஞ்சியங்கள் நிறைக. அவற்றிலிருந்து ஈயும் கைகளும் நிறைக.